மிதித்ததும் அணைந்த விளக்கு

தவளக்குப்பம் சந்திப்பில் வண்டி நின்றபோது பின்னால் பைக்கில் வந்தவர் ஜன்னலோரம் வந்து சத்தம் போட்டார்: "அண்ணே, பிரேக் போட்டா லைட்டு எரியணும். உங்க வண்டியில அணையுது!"

நல்லவாட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன் கடலூர் போகும் பிக்கப் என்னுடையது. ஓரங்கட்டி, கூட வந்த தம்பியை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். பார்க் லைட் போட்டிருக்கும்போது இடது பின்விளக்கு எரிகிறது, மிதித்ததும் அணைகிறது. பார்க் லைட்டை நிறுத்திவிட்டு மிதித்தால் விளக்கு மங்கலாக எரிகிறது, கூடவே முன்பக்க இன்டிகேட்டரும் லேசாக மினுங்குகிறது.

பேய் பிடித்த வண்டி என்றான் தம்பி. நானும் பல்பை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன். ஒரு கடையில் பிரேக் பெடல் சுவிட்சையும் மாற்றி காசு வாங்கிக்கொண்டார்கள். பேய் போகவில்லை.

மீட்டர் வைத்துப் பார்க்காமலா இருந்தேன்? பார்த்தேன். ஹோல்டருக்கு வரும் பிரேக் ஒயரில் சிவப்பு முனை, சேஸில் கறுப்பு முனை. 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கரண்ட் வருகிறது, பிறகென்ன என்று விட்டுவிட்டேன். தப்பு அங்கேதான். கறுப்பு முனையை அந்த விளக்கின் சொந்த எர்த்தில் வைத்திருக்க வேண்டும். கரண்ட் வந்தால் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும்.

பின்விளக்கு பல்பில் இரண்டு இழை: பிரேக்குக்கு 21 வாட், பார்க்குக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது அறுந்தால் பார்க் கரண்ட் பிரேக் இழைக்குள் புகுந்து, ஒயர் வழியே வலது விளக்குக்குப் போய் அங்கே எர்த் பிடிக்கிறது. பிரேக்கை மிதித்தால் இரண்டு முனையிலும் ஒரே 12 வோல்ட். கரண்ட் ஓட இடமில்லை, விளக்கு அணைகிறது. இன்டிகேட்டர் மினுங்கியதும் இதே திருட்டு வழியால்தான்.

விளக்கின் எர்த் முனையிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக ஒரு நீள ஒயர் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. செலவு இல்லாத சோதனை. இதை முதலில் செய்திருக்கலாம்.

ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத்தண்ணீர் எர்த் போல்ட்டைத் தின்றிருந்தது. ஒயரை உரித்தால் ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கறுத்து, களிம்பேறிக் கிடந்தது. நுனியை மட்டும் சுரண்டி முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. வெயிலில் பசை உருகும், உள்ளே தண்ணீர் தங்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி, புது ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டேன். சேஸில் பெயின்ட் போகும்வரை உப்புத்தாள் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசினேன்.

கனடாவில் இருக்கும் என் மச்சானுக்கும் இதே எர்த் தொல்லை வந்தது. அவர் பிக்கப்பில் படகு டிரெய்லர் இழுக்கிறார். அந்த டிரெய்லருக்குத் தனி மின்பிரேக், அதை இயக்க டிரைவர் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர். நான்கு ஒயர்: கறுப்பு பேட்டரியிலிருந்து, சிவப்பு பிரேக் சுவிட்சிலிருந்து, நீலம் டிரெய்லருக்கு, வெள்ளை எர்த். பிரேக் ஒரு நேரம் பிடிக்கிறது, ஒரு நேரம் பிடிக்கவில்லை என்று போனில் புலம்பினார். வெள்ளையைப் பாருங்கள் மச்சான் என்றேன். டிரெய்லர் பக்கத்து எர்த் ஒயர் விட்டுப்போய், இணைக்கும் கொக்கியின் உரசல் வழியாகவே கரண்ட் திரும்பிக்கொண்டிருந்ததாம். நம்மூர் டிராக்டர் டிரெய்லர் விளக்குகளிலும் இந்தக் கூத்து உண்டு.

பிரேக் விளக்கைச் சோதிக்கக் கூட ஆள் இல்லாதபோது, பொழுது சாய்ந்ததும் வண்டியைப் பின்புறமாக ஒரு வெள்ளைச் சுவருக்கு அருகே நிறுத்தி, முதலில் பார்க் லைட் இல்லாமலும் பிறகு அதைப் போட்டும் மிதித்துப் பாருங்கள். இரண்டு முறையும் இரண்டு பக்கமும் சிவப்பு ஒரே அளவில் கூட வேண்டும்.