ரத்தக் குழாய்க் கட்டியைக் காட்டும் நுண்குமிழி

ஸ்கேன் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுக்கும் ஸ்கேன்தான். வயிற்றில் ஜெல்லி தடவி ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலி அதிலிருந்து உள்ளே போய், பட்டுத் திரும்பி வந்து படமாகிறது. இதே ஸ்கேனை வைத்து, மாரடைப்பைக் கொண்டுவரும் கொழுப்புப் படிவைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்கிறது. இந்த மாதப் பாடம் அதுதான்.

சகோதரிகளே, கொழுப்பு அடைப்பு என்றால் தண்ணீர்க் குழாயில் பாசி அடைப்பது போல என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி மட்டும் இல்லை. கொழுப்பு ரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே சேர்ந்து சீழ்க்கட்டி மாதிரி ஆகிறது. மேலே மெல்லிய தோல், உள்ளே கொழுப்பு, சுற்றிலும் அழற்சி. அந்தத் தோல் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். இதயக் குழாயில் என்றால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் என்றால் பக்கவாதம். குழாய் பாதிகூடச் சுருங்காதவருக்கும் திடீரென்று மாரடைப்பு வருவது இதனால்தான். சாதாரண ஸ்கேன் சுருக்கத்தைக் காட்டும். கட்டி பழுத்திருக்கிறதா என்று காட்டாது.

இங்கேதான் நுண்குமிழி வருகிறது. 1968-இல் அமெரிக்காவில் கிராமியாக், பிரவின் ஷா என்ற இரு மருத்துவர்கள், இதயத்துக்குள் திரவம் செலுத்தும்போது ஸ்கேனில் மேகம் போல ஒன்று தெரிவதை எழுதிவைத்தார்கள். திரவத்தோடு போன சிறு காற்றுக் குமிழிகள்தான் அதற்குக் காரணம். இன்று குமிழிகளை மருந்தாகவே தயாரிக்கிறார்கள். ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. உள்ளே வாயு, வெளியே கொழுப்பாலோ புரதத்தாலோ ஆன தோல். கையில் ஊசி வழியாகப் போடுவார்கள். ஒலி பட்டதும் நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் சுருங்கி விரிவதால் பளிச்சென்று தெரியும். பிறகு வாயு மூச்சோடு வெளியே போய்விடும். இதயம், ஈரல் ஸ்கேன்களில் இவை ஏற்கனவே பயன்படுகின்றன.

புதுசு என்னவென்றால், குமிழியை வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டவைப்பது. வரப்பில் நடந்தால் நாயுருவி சேலை ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது, கால் தோலில் ஒட்டுவதில்லை அல்லவா? அழற்சி வந்த குழாய்ச் சுவரில் 'விகேம்-1' என்ற புரதம் அதிகமாக முளைக்கும். அதைப் பிடிக்கும் கொக்கியைக் குமிழியின் தோலில் பொருத்துகிறார்கள். ஊசி போட்டுச் சில நிமிடம் பொறுத்தால் ஒட்டாதவை கரைந்துவிடும். ஒட்டியவை மட்டும் ஸ்கேனில் மின்னும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் வரும்படி வளர்த்த எலிகளில், நோய் முற்ற முற்ற மின்னலும் கூடியது.

எலிக்குப் பார்த்தாகிவிட்டது. மனுசருக்கு அவ்வளவு சுலபமில்லை. பெரிய குழாயில் ரத்தம் வேகமாக ஓடுவதால் கொஞ்சம் குமிழிதான் ஒட்டும். கழுத்துக் குழாய் தோலுக்கு அருகில் இருப்பதால் பரவாயில்லை. இதயக் குழாயோ ஆழத்தில், துடித்துக்கொண்டே இருக்கிறது. இதே முறையில் பெண்களின் மார்பக, சினைப்பைக் கட்டிகளை மனிதரிடம் முதன்முதலாகச் சோதித்த முடிவு 2017-இல் வந்தது. கொழுப்புக் கட்டிக்கு இது இன்னும் மருத்துவமனைச் சோதனையாக வரவில்லை.

ஆகவே யாராவது "எல்லா அடைப்பையும் முன்கூட்டியே காட்டும் ஸ்கேன்" என்று சொன்னால், குழுக் கடன் வாங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். இந்த ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். மாதவிடாய் நின்றவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொன்று. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியோடு, சில நேரம் நெஞ்சுவலி இல்லாமலேயே, மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, வியர்வை, குமட்டல், சொல்ல முடியாத அசதி வரலாம். "வாயுதான், ஓமத்தண்ணி குடி" என்று வீட்டில் சொல்வார்கள். குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.