பெருஞ்செல்வம்: ஜகாத் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்ததா?



ஒருவர் ஹலாலாகச் சம்பாதிக்கிறார். ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து இரண்டரை சதவீதம் ஜகாத்தும் கொடுத்துவிடுகிறார். அதன்பின் எத்தனை கோடி சேர்த்து வைத்தாலும் அவர் மீது குற்றமில்லையா? இது ஸஹாபாக்கள் காலத்திலேயே எழுந்த கேள்வி.

தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்து வைத்து, அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்களை தவ்பா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் கடுமையாக எச்சரிக்கிறது. ஷாமின் ஆளுநராக இருந்த முஆவியா (ரலி) அவர்கள், இது வேதக்காரர்களைப் பற்றியது என்றார்கள். அபூதர் (ரலி) அவர்களோ, அவர்களையும் நம்மையும் சேர்த்துத்தான் என்றார்கள். தேவைக்கு மேல் சேர்ப்பதையே கண்டித்தார்கள். விவகாரம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் வரை சென்றது. இறுதியில் அபூதர் (ரலி) அவர்கள் ரபதாவில் போய்த் தங்கி, ஹிஜ்ரி 32இல் அங்கேயே வஃபாத்தானார்கள்.

பெரும்பாலான ஸஹாபாக்களும் பின்வந்த இமாம்களும் அவர்களின் கருத்தை ஏற்கவில்லை. ஜகாத் கொடுக்கப்பட்ட பொருள் அந்த எச்சரிக்கைக்குள் வராது என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் விளக்கம். மிஞ்சியதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமென்றால் ஜகாத்துக்கு நிஸாப் எதற்கு? வாரிசுரிமைச் சட்டம் எதற்கு? வெறுங்கையோடு மதீனா வந்து, சந்தைக்கு வழி கேட்டு, வியாபாரத்தால் பெருஞ்செல்வரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், சொர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர். ஆகவே செல்வம் தன்னளவில் குற்றமல்ல.

ஆனால் பாடம் இத்துடன் முடியவில்லை. பகரா அத்தியாயத்தின் 177ஆம் வசனம், உறவினர், அநாதைகள், ஏழைகளுக்குப் பொருள் கொடுப்பதைத் தனியாகவும், ஜகாத்தைத் தனியாகவும் சொல்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றக் கூடாது என்பதை ஹஷ்ர் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் காரணமாகவே எடுத்துக் கூறுகிறது. ஸ்பெயினின் அறிஞர் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064), ஜகாத் போதாத ஊரில் ஏழைகளின் உணவுக்கும் உடைக்கும் உறைவிடத்துக்கும் அவ்வூர்ச் செல்வந்தர்களே பொறுப்பு. ஆட்சியாளர் அவர்களைக் கட்டாயப்படுத்தவும் செய்யலாம் என்றார்.

ஒரு சிறு கணக்கு. பத்து லட்சம் உள்ளவர் 25,000 ரூபாய் ஜகாத் கொடுத்தால் மீதி 9,75,000. நூறு கோடி உள்ளவர் இரண்டரைக் கோடி கொடுத்தாலும் மீதி தொண்ணூற்றேழரைக் கோடி. விகிதம் ஒன்றுதான்; மிச்சம் ஒன்றல்ல. முதலாமவருக்கு அந்த மிச்சம் மகளின் திருமணத்துக்கோ ஒரு அறுவை சிகிச்சைக்கோ சரியாகப் போய்விடும். இரண்டாமவரிடம் மறுமையில் கேட்கப்படும் கேள்வி நீளும்: எப்படிச் சம்பாதித்தாய்? எதில் செலவிட்டாய்?

காரூன் அழிந்தது பொருள் இருந்ததற்காக அல்ல. அது தன் அறிவால் மட்டுமே வந்தது என்று சொல்லி, பிறர் பங்கை மறுத்ததற்காக.

ஆக, ஜகாத் என்பது கடமையின் முதல் படி, கடைசிப் படியல்ல. மருந்து வாங்க முடியாத நோயாளியும் கட்டணத்துக்காகப் படிப்பை நிறுத்தும் பிள்ளையும் பக்கத்துத் தெருவில் இருக்கும்வரை, பெருஞ்செல்வர் 'நான் ஜகாத் கொடுத்துவிட்டேன்' என்று அமைதியடைய முடியாது. அந்த நோயும் கட்டணமும் ரமளானுக்காகக் காத்திருப்பதில்லை. எனவே வசதியுள்ளோர் மற்ற மாதங்களிலும் ஸதகாவையும் வட்டியில்லாக் கடனையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் பொருள் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.