செம்பனைத் தோட்டத்தில் களைமருந்து: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவில் அதுவே முதல் முறை. இன்று அதே வட்டாரத்தில் சொந்தமாகச் சில ஏக்கர் செம்பனை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தரை மொட்டையாகும்வரை மருந்தடிக்காதீர்கள்.

எதை அழிப்பது, எதை விடுவது

லாலாங் புல், மிக்கானியா கொடி, தானாக முளைக்கும் மரக்கன்றுகள் ஆகியவை உரத்தையும் நீரையும் பிடுங்கிக்கொள்ளும். அவற்றை அழியுங்கள். வரிசைகளுக்கு நடுவே வளரும் நெப்ரோலெப்பிஸ் பெரணி நிற்கட்டும். அது மண்ணின் ஈரம் காக்கும். ஓரத்து டர்னேரா பூக்களையும் தொடாதீர்கள். ஓலையைத் தின்னும் பைப்புழுக்களை ஒழிக்கும் குளவிகளுக்கு அங்கேதான் தேன்.

எங்கே அடிப்பது

மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டம், குலை வெட்டப் போகும் பாதை. அவ்வளவுதான். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கினால் களையும் அடங்கும், மக்கி எருவும் ஆகும்.

மற்ற இடத்தில் ஏன் அடிக்கக் கூடாது? செம்பனையின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மூடாக்கு இல்லாத தரை வெயிலில் காய்ந்து, மழையில் கரையும். மண்புழுவும் நுண்ணுயிரும் குறையும். நாம் அடிக்கும் களைமருந்துகளில் ஒன்றான கிளைஃபோசேட் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சிதைப்பவை அந்த நுண்ணுயிர்கள்தான். அவற்றைப் பட்டினி போட்டுவிட்டு மண் தானே தேறும் என்று எதிர்பார்க்க முடியாது.

வாய்க்கால் கரையில் அடிக்கவே வேண்டாம். அந்த நீர் சிலாங்கூர் ஆற்றுக்குப் போகிறது. கம்போங் குவாந்தான் மின்மினிகளின் புழுப்பருவம் அந்த ஆற்றோர ஈரமண்ணில்தான் கழிகிறது.

மருந்தை மாற்றுங்கள்

கேழ்வரகின் உறவான சம்பாவ் புல் கிளைஃபோசேட்டுக்குச் சாகாமல் நின்றது 1997-இல் தெலுக் இந்தானில் கண்டறியப்பட்டது. பின்னர் குளுஃபோசினேட் என்ற இன்னொரு களைமருந்தையும் அது தாங்கியது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாக்குப்பிடிக்கும் புல்லே மிஞ்சி விதை போடும். செயல்படும் விதம் வேறான மருந்துகளை மாற்றி அடியுங்கள். மிஞ்சிய புல்லை, விதை கட்டுமுன் கையால் பிடுங்குங்கள்.

அடிப்பவரின் உடம்பு

தோட்டங்களில் மருந்துத் தோம்பு சுமந்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். அவர்கள் பட்ட பாட்டைத் தெனகானித்தா என்ற உரிமை அமைப்பு 2002-இல் ஆய்வாக வெளியிட்டது. நச்சுக் களைமருந்தான பாராகுவாட்டுக்கு முழுத் தடை வந்ததோ 2020 ஜனவரி 1-இல். கையுறை, முகமூடி, காலணி இல்லாமல் யாரையும் அடிக்க அனுப்பாதீர்கள். கொட்டகையில் பழைய பாராகுவாட் கிடந்தால் ஆற்றிலோ குழியிலோ கொட்டாமல், விவசாய இலாகாவிடம் கேட்டு அகற்றுங்கள்.