இரு துகள்கள், இரு காலங்கள்

குவாண்டம் கொள்கையையும் சார்பியல் கொள்கையையும் இணைத்து 1928இல் டிராக் கண்ட சமன்பாடு, ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் ஆற்றல் நிலைகளை மிக நுட்பமாக எடுத்துரைத்தது. புரோட்டான் எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 1836 மடங்கு நிறை மிக்கது. அதனை அசையாத மையமாகக் கொள்வதால் பெரும்பிழை நேர்வதில்லை.

1951இல் மார்ட்டின் டாய்ச் அமெரிக்காவில் கண்டறிந்த பாசிட்ரோனியத்திற்கு அவ்வசதி இல்லை. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் அழியுமுன் சிறிதுநேரம் பிணைந்திருக்கும் அமைப்பு அது. இரண்டின் நிறையும் சமம். நிறைச் சிக்கலைப் பழைய இயக்கவியலே தீர்த்துவிடும். தீராதது காலச் சிக்கல். தொலைவில் அமைந்த இரு நிகழ்வுகள் ஒருவருக்கு ஒரே கணத்தில் நிகழ்ந்தவையாயினும், விரைந்து செல்லும் மற்றொருவருக்கு அவ்வாறு அமையா என்கிறது சார்பியல். அவ்வாறாயின், ‘இக்கணத்தில் இரு துகள்களும் எங்குள்ளன?’ என்னும் வினாவிற்கு அனைவர்க்கும் பொதுவான விடை ஏது?

அதே 1951இல் ஹான்ஸ் பெத்தேயும் எட்வின் சால்பீட்டரும் ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனிக் காலம் அளித்துச் சமன்பாடு வகுத்தனர். துகள்கள் ஒளித்துகள்களைப் பரிமாறிக்கொள்வதே அங்குப் பிணைப்பு. ஒன்று விடுத்ததை மற்றொன்று பெறுவதற்குள் கழியும் நேரமும் கணக்கில் சேர்ந்தது.

எனினும், பரிமாற்ற வகைகளுக்கு எல்லையில்லை. சிலவற்றை மட்டும் கொண்டே கணக்கிட இயலும். மின்விசைக்கு அச்சிலவே பெரும்பாலும் போதுமானவை. புரோட்டானுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசைக்கோ, எதனைக் கொள்வது, எதனை விடுவது என்பதே பெரும்பாடு.