அந்தரத்தில் ஒரு காடு

மகாராஜபுரத்தில் வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அங்கு வாழும் சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. ஆனாலும் என் எட்டாம் வகுப்பு மாணவர்களில் பலர் அந்த அணிலைப் பார்த்ததில்லை. அது உச்சிக்கிளைகளில் கூடு கட்டி, மரத்துக்கு மரம் தாவிச் செல்லும். தரைக்கு இறங்குவது அரிது. அந்த உச்சிக்காட்டை வகுப்பறையில் தொங்கவிட முடிவு செய்தோம்.

தேவையான பொருட்கள்: 30 செ.மீ. மூங்கில் குச்சிகள் மூன்று, பழைய நோட்டு அட்டை, ஒரு பக்கம் எழுதிய தாள்கள், தையல் நூல், பசை.

செய்முறை: தாளை ஒரே அளவு இலைகளாக வெட்டி, மை தீர்ந்த ரீஃபிலால் நடுநரம்பைக் கீறி மடிக்க வேண்டும். தட்டைத் தாள் உடனே உருவம் பெறும். அட்டையில் அணிலை வெட்டி, நீண்ட வாலை அடிஸ்கேல் விளிம்பில் இழுத்தால் சுருளும். ஒரு குச்சியில் அணில், இன்னொன்றில் இலைகள். இரண்டையும் மூன்றாம் குச்சியின் இரு முனைகளில் கட்ட வேண்டும்.

முதல் நாள் மேலிருந்து தொடங்கினோம். ஒன்றைக் கட்டினால் மற்றொன்று சாய்ந்தது, பிள்ளைகள் சலித்துவிட்டார்கள். மறுநாள் கீழ்க்குச்சிகளை முதலில் சமன்செய்து, பிறகு மேலே ஏறினோம். சரியாக நின்றது.

கணக்கும் அறிவியலும்: குச்சியை நடுவில் கட்டி, ஒருபுறம் 4 செ.மீ. தூரத்தில் மூன்று இலைகளைத் தொங்கவிடுங்கள். மறுபுறம் ஒரே இலையை எங்கே கட்டினால் சமனாகும்? நூலை நகர்த்தி 12 செ.மீ. என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். பத்தாம் வகுப்பின் திருப்புத்திறன் இதுதான். தொடக்க வகுப்புகளுக்குக் ‘கிட்டே, எட்டே’ போதும். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் ‘மொபைல்’ சிற்பங்களும் இவ்வாறே நிற்பவை. அவர் 1955இல் அகமதாபாத்துக்கு வந்து அங்கேயும் சிற்பங்கள் செய்தார்.

கவனம்: மின்விசிறிக்கு விலகித் தொங்கவிடுங்கள். ஏணியில் ஆசிரியரே ஏற வேண்டும்.

நிறைவாக, ஒரு இலையின் நூலை அறுத்தேன். காடு முழுவதும் சாய்ந்தது. “ஒரு மரத்தை வெட்டினால் அணில் எப்படிப் போகும்?” என்று கேட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி, “இறங்கித்தான் சார் போகணும். கீழே நாய் நிக்கும்” என்றாள்.

அன்றைய பாடத்துக்கு வேறு மதிப்பீடு தேவைப்படவில்லை.