பழைய இயர்போன் கைவிட்டதா? அடுத்த தரமான ஜோடியைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

நாலைந்து வருடம் நன்றாக உழைத்த இயர்போன் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பாடும். வயரைப் பிடித்துத் திருகினால் மறுபக்கம் வரும், விட்டால் போய்விடும். எங்கள் தோட்டப் பகுதியின் யட்டியாந்தோட்டை டவுனில் சாதாரண ஹேண்ட்ஸ்ஃபிரீயும் விலை குறைந்த புளூடூத் செட்டும் வாங்கிக்கொள்ளலாம். நூறு டொலருக்கு மேற்பட்ட ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டுமானால் அவிசாவளை தாண்டி கொழும்புக்குத்தான் பஸ் ஏற வேண்டும். பிடிக்கவில்லை என்று மாற்றப் போனால் இன்னொரு நாள் வேலையும் போகும்.

அதனால் தோட்டப் பகுதியில் இருப்பவர் தேர்ந்தெடுக்கும் ஒழுங்கு கொஞ்சம் வேறு. முதலில் காதுக்குப் பொருந்த வேண்டும். அடுத்து, பழுதானால் நாமே உதிரிப்பாகம் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இசையின் நுணுக்கம் மூன்றாவதாக வரட்டும். இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கிலேயே போகிறது.

படி 1: பழுதானது எது என்று கண்டுபிடியுங்கள்

புதிதுக்குக் காசு எண்ணும் முன் பழையதைச் சோதித்துப் பாருங்கள். முதலில் வேறொரு போனில் செருகுங்கள். அங்கே இரண்டு பக்கமும் பாடினால் பழுது உங்கள் போனின் ஜாக்கில். சட்டைப்பையின் பஞ்சு அதற்குள் அடைந்திருக்கும். போனை நிறுத்திவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுக்கலாம்.

வயரைக் கழற்றக்கூடிய இயர்போன் என்றால் இடது வயரை வலது துண்டிலும், வலதை இடதிலும் மாட்டுங்கள். சத்தம் வராத பக்கம் மாறினால் குற்றம் வயரில். புது வயர் போதும். மாறாமல் அதே துண்டு ஊமையாகவே இருந்தால் குற்றம் அந்தத் துண்டில்.

சத்தம் முழுதாகப் போகாமல் குறைந்திருந்தால், காதுக்குள் போகும் டிப்பைக் கழற்றி, குழாய்முனையின் வலையை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் காதழுக்கு அடைத்திருக்கும். முனையைக் கீழே பார்க்கப் பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டித் துடையுங்கள். அழுக்கு வெளியே விழும். ஊசியால் குத்தவோ ஸ்பிரிட்டில் ஊறவைக்கவோ வேண்டாம்.

கழற்ற முடியாத வயர் பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான் அறும். போன் திருத்தும் கடையில் அந்த இடத்தை வெட்டிப் புது ஜாக் வைத்துத் தருவார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகளில் வார்னிஷ் பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமலோ சூட்டுக்கோலால் எரிக்காமலோ ஈயம் பிடிக்காது. இதைச் செய்யாமல் பற்றவைத்த ஜாக் ஒரு வாரத்தில் மறுபடி கைவிடும்.

படி 2: பழையதில் பிடித்தது எது என்று எழுதுங்கள்

மூன்றே வரி போதும். தப்பும் தவிலும் நெஞ்சில் அடிப்பது பிடித்ததா? பாடுபவரின் குரல் முன்னால் நிற்பது பிடித்ததா? தாளக் கருவிகளின் கூர்மை காதைக் குத்தியதா? இந்தக் குறிப்பு கையில் இருந்தால் கடைக்காரர் காட்டும் முதல் பெட்டியிலேயே மனம் சாய்ந்துவிடாது.

எங்கே கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஹட்டன் வீதியில் பஸ்ஸில் கேட்பவருக்கு வெளிச் சத்தத்தைத் தடுப்பது முக்கியம். லயத்தில் பக்கத்தில் ஆள் தூங்கும்போது கேட்பவருக்குச் சத்தம் வெளியே கசியாமல் இருப்பது முக்கியம். விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டப் போகும்போது கேட்பவருக்கோ வியர்வையும் மழையும்தான் எதிரி.

படி 3: காதுக்குப் பொருந்துகிறதா?

ஆயிரம் டொலர் இயர்போனும் காதை ஒழுங்காக அடைக்காவிட்டால் தகர டப்பா மாதிரித்தான் பாடும். அடைபடாத காதிலிருந்து முதலில் வெளியேறுவது அடிச்சுருதி (பேஸ்). சோதிப்பது எளிது: தவில் ஒலிக்கும் ஒரு பாட்டைப் போட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அடி திடீரென்று கூடினால் டிப்பின் அளவு சரியில்லை. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரிது என்று போடுபவர்கள் நிறையப் பேர்.

சிலிக்கோன் டிப் கழுவலாம், நீண்ட நாள் உழைக்கும். ஃபோம் டிப்பை விரலால் நசுக்கி, காதுக்குள் வைத்து, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். அது சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சுவதால் சில மாதங்களில் மாற்ற வேண்டியிருக்கும். எட்டிமோட்டிக் நிறுவனத்தின் மூன்றடுக்கு டிப் காதுக்குள் ஆழமாகப் போய் 35 டெசிபலுக்கு மேல் தடுக்கும் என்று அந்நிறுவனம் சொல்கிறது. அந்த ஆழம் எல்லோருக்கும் ஒத்துவராது.

படி 4: உள்ளே இருக்கும் டிரைவர்

டைனமிக் டிரைவர் ஒலிபெருக்கியின் சிறு வடிவம். காற்றைத் தள்ளுவதால் அடிச்சுருதி இயல்பாக வரும். பேலன்ஸ்ட் ஆர்மேச்சர் காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்தது. மிகச் சிறியது; குரலையும் நரம்புக் கருவிகளையும் துல்லியமாகத் தரும். 1991இல் வந்த எட்டிமோட்டிக் ஈஆர்-4தான் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. இரண்டையும் கலந்தது ஹைபிரிட்.

டிரைவர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்ஹைசர் ஐஇ 900 காதுக்கு ஒரே ஒரு 7 மி.மீ. டைனமிக் டிரைவரோடு 2021இல் சுமார் 1,300 டொலருக்கு வந்தது. மூன்ட்ராப் பிளெஸ்ஸிங் 3 காதுக்கு ஆறு டிரைவர்களோடு சுமார் 320 டொலர். ஒலி எப்படிச் சமன் செய்யப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒற்றை டைனமிக் நல்ல தொடக்கம்.

படி 5: எதில் செருகப் போகிறீர்கள்?

2016இல் ஐபோன் 7 ஜாக்கை நீக்கியதிலிருந்து பல போன்களில் அந்தத் துளையே இல்லை. டைப்-சி முனையில் மாட்டும் சிறிய மாற்றியே பெரும்பாலான இயர்போன்களுக்குப் போதும். பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை.

பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஓம் என்பது மின்தடையைச் சொல்லும். டெசிபல் என்பது கொடுத்த மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்லும். ஷுர் எஸ்இ846 வெறும் 9 ஓம், 114 டெசிபல். மிக எளிதில் பாடும், ஆனால் தரம் குறைந்த மாற்றியில் மாட்டினால் பாட்டுக்கு நடுவே 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கேட்கும். எட்டிமோட்டிக் ஈஆர்4 எஸ்ஆர் 45 ஓம், உணர்திறனும் குறைவு; போனில் சத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டும்.

ஜாக் உள்ள போனில் எஃப்எம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே இயர்போன் வயர்தான் ஏரியல். வயர் இல்லாமல் போனால் சூரியன், சக்தி வானொலிகள் இணையம் வழியாகத்தான் வரும், டேட்டா செலவாகும். புளூடூத் மொட்டுகளுக்கு இன்னொரு குறை உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் பாட்டரி தளரும். பெரும்பாலானவற்றில் அதை மாற்ற வழியில்லை. பெரிய காசு போடுவதானால் வயர் உள்ளதில் போடுங்கள்.

படி 6: வயர் கழன்று வருகிறதா?

இது நமக்கு விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. முதலில் சாகும் உறுப்பு வயர். அது கழன்று வந்தால் தபாலில் புதிது வரவழைத்து வீட்டிலேயே மாட்டலாம். இரண்டு வகை இணைப்பு பரவலாக உண்டு. எம்எம்சிஎக்ஸ் வட்டமானது, 'கிளிக்' என்று பூட்டும், சுழலும். அடிக்கடி கழற்றினால் தளர்ந்துவிடும். 0.78 மி.மீ. இரட்டைப் பின் நேராகச் செருகுவது. அதில் ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகினால் அடிச்சுருதி மெலிந்து கேட்கும், குரல் நடுவில் நிற்காமல் அலையும். புது வயர் போட்டதும் ஒலி கெட்டால் முதலில் இதைப் பாருங்கள். சென்ஹைசர் ஐஇ வரிசையில் எம்எம்சிஎக்ஸ் துளை கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். எல்லா வயரும் அதில் பூட்டாது.

படி 7: எவ்வளவு செலவழிப்பது?

வெளிவந்தபோது ஷுர் எஸ்இ215 சுமார் 100 டொலர், சென்ஹைசர் ஐஇ 200 சுமார் 150, ஐஇ 600 சுமார் 700. இருபது டொலர் இயர்போனிலிருந்து 150 டொலருக்குப் போகும்போது வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும். அதற்கு மேல் ஏற ஏற விலை பாயும், ஒலி நடக்கும். மொத்தக் காசில் பத்தில் ஒரு பங்கை டிப்புக்கும் உபரி வயருக்கும் ஒதுக்கி வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரியும் சேரக்கூடும். இணையத்தில் பார்த்த டொலர் விலையை ரூபாய்க்கு மாற்றிவிட்டு அதுதான் கணக்கு என்று இருந்துவிடாதீர்கள்.

படி 8: எங்கே, எப்படி வாங்குவது?

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவும் மின்னணுச் சாமான்களுக்குப் பெயர் போனவை. பெயர் பெற்ற கம்பனிகளின் போலிகள் சந்தையில் தாராளம். தொடர் இலக்கத்தைப் பார்த்து, கம்பனியின் தளத்தில் உறுதிசெய்யுங்கள். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

கடைக்காரரிடம் ஒரே கேள்வி: "அண்ணே, பழுதானா இங்கயே மாத்தித் தருவீங்களா, வெளிநாட்டுக்கு அனுப்பணுமா?" பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள். வாரண்டி சொன்னபடி நடக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில் இருந்தால் பேச்சு எடுபடும். வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் வாங்கி வருவதானால், அந்த நாட்டு வாரண்டி இங்கே செல்லுமா என்று முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

படி 9: கடையில் கேட்டுப் பார்க்கும் முறை

உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த பாட்டுகளை, நல்ல தரத்தில், போனில் இறக்கிக்கொண்டு போங்கள். மூன்று வகை போதும்.

- பழைய சினிமாப் பாட்டு ஒன்று. 1960களின் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ ஒலிப்பதிவு, டி. எம். சௌந்தரராஜனின் குரல் மண்டையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், டிப்பைச் சரிசெய்து மறுபடி கேளுங்கள். அப்போதும் சாய்ந்தால் அந்த ஜோடி சமமில்லை.
- இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு 'ஹவ் டு நேம் இட்'. வி. எஸ். நரசிம்மனின் வயலினும் அடியில் ஓடும் பேஸும் பிரிந்து கேட்க வேண்டும்.
- நாதஸ்வரமும் தவிலும். நாதஸ்வரம் காதைக் கிழிக்காமலும் தவிலின் அடி குழம்பாமலும் இருந்தால் நல்லது.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். கூடுதலாகச் சத்தம் போடுவதுதான் நல்லது என்று காது ஏமாறும். இருபது நிமிடம் கழித்தும் காது வலிக்கவில்லையா என்று பார்த்துவிட்டே காசை நீட்டுங்கள்.

படி 10: வாங்கிய பின்

களனிப் பள்ளத்தாக்கின் ஈரம் இலத்திரனியல் சாமான்களுக்கு ஆகாது. கேட்டு முடித்ததும் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நனைந்தால் அடுப்பருகே காயவைக்க வேண்டாம். இரண்டு நாள் அந்த டப்பாவிலேயே கிடக்கட்டும். வயரைப் போனில் இறுக்கிச் சுற்றாதீர்கள்.

காதையும் பாருங்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளைவுகள் நிறைந்த வீதியில் நடக்கும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். நன்றாக அடைக்கும் இயர்போனில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்காது.

முடிவாக

முதன்முறை தரமான ஜோடி வாங்கும் தோட்டத்து வாசகருக்கு என் தீர்ப்பு இது: வயர் கழன்று வரும், ஒற்றை டைனமிக் டிரைவர் கொண்ட, 100 முதல் 150 டொலருக்குள் அடங்கும், உள்ளூரில் வாரண்டி உள்ள ஒன்றை வாங்குங்கள். அதை ஒரு வருடம் கேளுங்கள். உங்கள் காது என்ன கேட்கிறது என்று தெரிந்த பிறகு, தேவைப்பட்டால் மேலே போகலாம். அதற்கு முன் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய ஜோடியை எடுத்து முதல் படியைச் செய்து பாருங்கள். அது பிழைத்துக்கொண்டால் செலவே இல்லை.