மெலட்டோனின் போட்டால் மறதிநோய் வராதா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 56. என் அம்மா அல்சைமர் நோயில் பல வருடம் கஷ்டப்பட்டு இறந்தார். எனக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தினமும் மெலட்டோனின் மாத்திரை போட்டால் செல்களில் சேரும் கழிவு சுத்தமாகும், மறதிநோய் அண்டாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நான் அதைப் போடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பெற்ற தாய் தன்னையே மறந்துபோவதைப் பார்த்தவருக்கு இந்தப் பயம் வராமல் இருக்காது. ஆனாலும் மறதிநோயைத் தடுப்பதற்கென்று மெலட்டோனின் போட வேண்டாம் என்பதே என் பதில். வீடியோவில் சொன்னதற்கு ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் இருக்கிறது. மனிதர்களிடம் அது நிரூபிக்கப்படவில்லை.

நம் செல்கள் பழுதான புரதங்களையும் தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாக்களையும் சவ்வுப் பையில் சுற்றி, லைசோசோமுக்கு அனுப்புகின்றன. அங்குள்ள நொதிகள் அவற்றைச் சிதைக்கின்றன. மிஞ்சும் அமினோ அமிலங்களைச் செல் மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. இதுதான் தன்னுண்ணல், அதாவது ஆட்டோபேஜி. இதை இயக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மூளைக்கு இந்த வேலை மிகவும் அவசியம். தோல் செல்கள் உதிர்ந்து புதியவை வரும். நரம்பு செல்கள் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அதே செல்கள்தான். சுத்திகரிப்பு மந்தமானால் கழிவு அங்கேயே தங்கும். அல்சைமரில் பீட்டா அமிலாய்டும் டாவ் புரதமும், பார்க்கின்சனில் ஆல்பா சைனூக்ளினும் தேங்குவதில் இந்த மந்தத்துக்கும் பங்கு இருக்கலாம்.

மெலட்டோனின், மூளையின் நடுவே உள்ள பீனியல் சுரப்பி இருட்டில் சுரக்கும் ஹார்மோன். வயது ஏற ஏற அதன் அளவு குறைகிறது. அல்சைமர் போன்ற பாதிப்பு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, பழுதான மைட்டோகாண்ட்ரியாக்கள் அகன்றன. அமிலாய்டு படிவும் குறைந்தது. நம்பிக்கை பிறந்தது இங்கேதான்.

ஆனால் மெலட்டோனின் எல்லா இடத்திலும் தன்னுண்ணலைத் தூண்டுவதில்லை. ரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதிக்கப்பட்ட திசுக்களில் தன்னுண்ணல் அளவுக்கு மீறிப் போகலாம். அத்தகைய சோதனைகள் பலவற்றில் மெலட்டோனின் அதைக் குறைத்தது. புற்றுநோய் செல்களில் சிலவற்றில் கூட்டுகிறது, சிலவற்றில் குறைக்கிறது. அந்தச் செல்கள் உயிர்பிழைக்கவும் தன்னுண்ணல் உதவுவதால், கூடினால் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

அளவிலும் பெரிய இடைவெளி உண்டு. எலிகளுக்குப் பல ஆய்வுகளில் உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். மனிதர்கள் தூக்கத்துக்காக எடுப்பது மொத்தமே 1 முதல் 5 மில்லிகிராம். 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 157 அல்சைமர் நோயாளிகளிடம் மெலட்டோனினைச் சோதித்துப் பார்த்தபோது, கருவியால் அளந்த தூக்கத்தில்கூடத் தெளிவான முன்னேற்றம் இல்லை.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் கூடுதல் கவனம் தேவை. இரவு உணவை ஒட்டி மெலட்டோனின் எடுத்தால் சிலருக்குச் சர்க்கரை வழக்கத்தைவிட ஏறுகிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. 2023-ல் அமெரிக்காவில் 25 மெலட்டோனின் மிட்டாய்களைப் பரிசோதித்ததில் 22-ல் லேபிளில் போட்ட அளவு சரியாக இல்லை. ஜெட் லாக் போன்ற சில தேவைகளுக்கு மெலட்டோனின் உதவும். அதை மருத்துவர் பார்த்துத் தரட்டும்.

உங்கள் உடலே சுரக்கும் மெலட்டோனினைக் காப்பாற்றுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வைத்துவிடுங்கள். படுக்கையறை இருட்டாக இருக்கட்டும். காலையில் வெயில் படும்படி நடங்கள். பலத்த குறட்டை இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதியுங்கள்.

மறதிநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைச் சொல்கிறது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் மதிப்பீடு. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, காது கேளாமை, உடலுழைப்பின்மை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. மெலட்டோனின் வாங்க வைத்திருக்கும் பணத்தில் இந்த மாதமே மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் கொழுப்பையும் பரிசோதித்து, ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள் அம்மா. உங்கள் நினைவாற்றலுக்கு இன்று நீங்கள் செய்யக்கூடிய உறுதியான உதவி அதுதான்.